ஒரு சாண் உயர்ந்த ஊர்

உவர்க்குளத்துக்காரர்கள் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் நடக்க ஆரம்பித்தது, கபடிப் போட்டிக்காகப் பஸ் ஸ்டாண்டில் கட்டிய ஒரு ஃப்ளெக்ஸ் பேனரால். காரணம் அவ்வளவுதான். எப்படி, ஏன், எந்தச் சக்தி என்று நோண்டுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஊரில் யாரும் நோண்டவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

பேனரில் இருந்தது ஒரு கவிதை. எழுதியவர் தங்கப்பழம். உப்புக் கம்பெனி எடைமேடையில் உட்கார்ந்து, உப்பு ஏற்றிய லாரியின் எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழித்துக் கழித்தே தலை நரைத்துப்போனவர், அதனால் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் இதில் எதைக் கழிக்க வேண்டும் என்றே பார்ப்பவர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால்கூட "செருப்பைக் கழட்டிட்டுச் சொல்லு, எம்புட்டு உயரம்?" என்று கேட்டு நாலு பேர் முகத்தைச் சுருங்க வைத்தவர். கவிதை எழுதுவார் என்பது ஊருக்குத் தெரியும். என்ன எழுதுவார் என்பது யாருக்கும் தெரியாது. பரணில் போட்டு வைத்திருந்தார்.

இந்தக் கவிதை அவர் மனைவி அன்னபுஷ்பத்தின் காலிலிருந்து வந்தது. அவள் இளவயசில் பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு உப்புக் கூடை சுமந்தவள், ஆம்பிளைகள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் பாட்டுப் படித்துக்கொண்டு கடந்து போனவள், வயிற்றில் பிள்ளையும் தலையில் உப்புமாக வெயிலில் நடந்தவள். அப்பேர்ப்பட்டவள் உள்ளங்காலில் ஒருநாள் உடைமுள் ஒன்று ஏறியது. சர்க்கரை வியாதி இருந்ததால் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. முள்ளோடு சமைத்தாள், முள்ளோடு கோயிலுக்குப் போனாள், முள்ளோடு வந்து படுத்தாள். தெரிந்தபோது கால் குழி விழுந்துவிட்டது. மழைக்காலத்துக்குள் புண் மூடாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும், காலைத் தரையில் ஊன்றாமல் இருங்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். காலை ஊன்றாமல் எந்தப் பொம்பிளை இருந்திருக்கிறாள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தங்கப்பழம் கடுங்கோபத்தில் இருந்தார். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்தில் எழுதினார்:

கடலைக் கையால் இறைத்துப் போடுவேன்,
கதிரவனைத் தோளில் தூக்கிப் போவேன்,
எட்டி வைத்தால் வானம் எனக்கொரு படி —
முள்ளொன்று காலில் ஏறும் வரை.

அந்த வாரம் கபடிக் குழுப் பையன்கள் வந்து, "அண்ணாச்சி, பேனருக்கு நாலு வரி வேணும், வீரமா" என்றார்கள். கையில் இருந்தது இதுதான். கொடுத்தார்.

உவர்க்குளத்தில் முகம் இல்லாமல் பேனர் கிடையாது. கோப்பை வாங்கித் தந்தவர் முகம், அவர் தம்பி முகம், மைதானத்துக்குத் தண்ணீர் லாரி விட்டவர் முகம், காதுகுத்து முடிந்த குழந்தை முகம் என்று ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக வந்து நடுவில் மிச்சம் கிடக்கிற இடத்தில்தான் செய்தி. ஃப்ளெக்ஸ் கடை சித்திரைவேல் எதையும் வாசிக்கிறவனில்லை, எழுத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டுகிறவன். மூன்று வரி தட்டியதும் இடம் முடிந்தது, நாலாவது வரியை அவன் கண் தொடவே இல்லை. கீழே பொடி எழுத்தில் 'கவியாக்கம்: எடைமேடை தங்கப்பழம்' என்று மட்டும் போட்டான்.

விடிந்ததும் பேனர் ஏறியது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேனரைச் சத்தம் போட்டு வாசிப்பது அந்த ஊர் வழக்கம். வேறென்ன செய்வார்கள், அந்த ஊருக்குப் பஸ் அப்படித்தான் வரும். முதல் பஸ்ஸுக்கு நின்ற உப்பளத்து ஆட்கள் வாசித்தார்கள், மூன்றாவது வரி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரு சாண் மேலே போய் நின்றார்கள், பஸ் வந்தது, ஏறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசித்து உயர்ந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மீன்காரிகள் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லி உயர்ந்து, தலையில் கூடையோடு சுடுகிற ரோட்டை மிதிக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர் கால் தரையில் இல்லை.

தங்கப்பழம் பேனரைப் பார்த்தது பதினோரு மணி வெயிலில். ஊர் உயர்ந்தது அவர் கண்ணில் படவில்லை. கடைசி வரி இல்லாததுதான் பட்டது. நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

"கடைசி வரி எங்கலே?"

"இடம் இல்ல அண்ணாச்சி. கோப்பை குடுத்தவரு மச்சினன் மூஞ்சி கடைசி நேரத்துல வந்திட்டு. வட்டத்துக்குள்ள போட்டே ஆவணும்னுட்டாவ."

"மச்சினன் கபடி ஆடுவானா?"

"அவரு நடக்கவே மாட்டாரு. கார்தான்." சித்திரைவேல் பல்லைக் காட்டினான். "மூணு வரியே என்னா எடுப்பு எடுக்கு! கீழ பாருங்க, நானே தூக்கிட்டு நிக்கேன்."

அப்போதுதான் பார்த்தார். அவன் கால் விரல்கள் சிமெண்டுத் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

"வெறும் லாரியைக் கழிக்காம எடை போட்டிருக்க. அதான் இந்த ஆட்டம் ஆடுத. முழுசாக் கேளு," என்று நாலு வரியையும் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். 'முள்ளொன்று காலில் ஏறும் வரை' என்று முடித்ததும் சித்திரைவேல் மூட்டையைப் போட்ட மாதிரி தொப்பென்று தரையில் வந்து நின்றான். பதறிப்போய் வெளியே ஓடி மூன்று வரியை மறுபடி வாசித்தான். எம்பினான். கத்தி வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"நாலாவது தானா வருது அண்ணாச்சி! மூணோட நிப்பாட்டினாலும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வருது! என்னத்தைச் செஞ்சு வச்சிய?"

"முழுக் கவிதையச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுத் தங்கப்பழம் வீட்டுக்கு நடந்தார். பொண்டாட்டியிடம் சொல்லிக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு வரியை விட்டுவிட்டான், அதுவும் அந்த வரியை.

வீட்டில் அன்னபுஷ்பம் அடுப்படியில் ஒரு சாண் உயரத்தில் நின்று மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் காற்றில் சும்மா இருந்தது.

"கட்டு மாத்தப் போனேன்லா, பஸ் ஸ்டாண்டுல ஒங்க பேரு போட்டிருந்துச்சு," என்றாள். "ஒங்க பேரை வாசிக்கத்தான் நின்னேன். எழுத்துக்கூட்டி மேலேருந்தே வாசிச்சிட்டேன். இம்புட்டு நாளும் பரண்ல போட்டு வச்சிருந்தியளே, ஒரு வாட்டி எனக்கு வாசிச்சுக் காட்டினதுண்டா?" பிறகு காலை லேசாக ஆட்டிக் காட்டினாள். "ஒண்ணும் அழுத்தல. எம்புட்டு நாளாச்சு தெரியுமா இப்படி நின்னு."

தங்கப்பழம் திறந்த வாயை மூடினார்.

ஊர் பழகிக்கொண்டது. முதலில் நெற்றியில் அடி பட்டது, எல்லோருக்கும். நிலைவாசல்கள் எல்லாம் பழைய உயரத்துக்குச் செய்தவை. தச்சர்கள் வீடு வீடாகப் போய் நிலையை ஏற்றி வைத்தார்கள், ஏற்ற வசதியில்லாதவர்கள் சொந்த வீட்டுக்குள்ளே குனிந்து போனார்கள். செருப்பு வேண்டியதில்லை, ஆனாலும் வெறுங்காலோடு வந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று செருப்போடுதான் மிதந்தார்கள். கோழிகள் ஆட்களின் காலடியில் குறுக்கே போகக் கற்றுக்கொண்டன. உட்கார்ந்தால், படுத்தால் எல்லோரையும் போலத்தான். எழுந்து நின்றால்தான் ஒரு சாண். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கால்கள் ஆறின. இது பெரிய விஷயம். பாத்தியில் நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பாதம் என்று ஒன்று இருப்பதே அந்த ஒரு மாதம்தான் நல்லபடியாகத் தெரிந்தது. பொம்பிளைகள் பெட்டியில் கிடந்த மெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தார்கள்.

அதோடு ஆசை நின்றதா? நிற்காது. "இன்னொரு சாண் போட்டுத் தாங்க அண்ணாச்சி" என்று தங்கப்பழத்தின் வாசலில் வந்து நின்றார்கள். மனிதன் பெரியவன், மனிதன் அரியவன் என்று நாலைந்து எழுதிக் கொடுத்துப் பார்த்தார். வாசித்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது, அவ்வளவுதான். மொட்டை மாடியில் ஏறிக் குதித்துப் பார்த்தான் ஒருத்தன். தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றான், இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு சாண். அதற்கு மேல் ஒரு விரற்கடை எவனும் போகவில்லை. ஒருவனும் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

கபடிக் குழுதான் முதலில் அடிபட்டது. நடுவர்களுக்குக் கோடு பெரிய தலைவலி. கால் கோட்டில் படாததால் அவுட் இல்லை என்றார்கள், கால் கோட்டைத் தொடாததால் புள்ளியும் இல்லை என்றார்கள். வெளியூர்க் குழுவிலிருந்து பாடி வந்தவனை ஏழு பேரும் சேர்ந்து பிடித்தால், அவன் ஏழு பேரையும் பலூன் கொத்து மாதிரி இழுத்துக்கொண்டு தன் பக்கம் போய்ச் சேர்ந்தான். பிடிப்பதற்குக் கையில் பலம் இருந்தது, அந்தப் பலம் ஊன்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அம்மன் கோயில் கொடைவிழாவில் பூக்குழி இறங்கினார்கள். தணலுக்கு ஒரு சாண் மேலே காற்று வாங்கிக்கொண்டு போனார்கள். "கால் படாம என்னவே பூக்குழி? ஆத்தா என்ன கண்ணை மூடிட்டா இருக்கா?" என்று பூசாரி சத்தம் போட்டுக் காப்பை அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டார். நேர்த்திக்கடன் எல்லாம் அப்படியே நின்றது.

தங்கப்பழம் தெருவில் வந்தால் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வாயைத் திறந்தால் விழுந்துவிடுவோம், விழுந்தால் மறுபடி ஏற முடியாது என்று சித்திரைவேல் ஊரெல்லாம் அழுதிருந்தான். ஊரில் தரையில் நடந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான், ஒருவரோடொருவர் பேசுவதும் இல்லை. தங்கப்பழமும் முயற்சி பண்ணாமல் இல்லை. கொல்லையில் கதவைச் சாத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று வரியை மட்டும் சொன்னார். நாலாவது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. உலகத்தில் அவருடைய கவிதை ஒரு தடவைகூட வேலை செய்யாத ஆள் அவர் ஒருவர். எரிச்சலில் தென்னை மரத்தை ஓர் உதை விட்டார். அதற்கு ஊன்ற முடிந்தது.

ஆனால் சாயங்காலம் தோறும் அன்னபுஷ்பத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். குழி மேடேறிக்கொண்டு வந்தது. ஓரத்தில் புதுத்தோல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "கால் ஊன்றவே இல்லையா? நல்லது, இப்படியே இருங்க" என்றார். அவர் உள்ளூர்க்காரர் இல்லை, கீழே குனிந்து பார்க்கவும் இல்லை.

பிறகு வாடைக்காற்று திரும்பியது.

பாத்திகளில் உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடந்தது, மழைக்கு முன்னால் வாரியாக வேண்டும், ஒரு மழை விழுந்தால் ஒரு வருஷத்துப் பாடு தண்ணீராய்ப் போய்விடும், ஊரே உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு இறங்கியது. பலகையை உப்பில் வைத்து இழுத்தால் உப்பு நகரவில்லை, இழுத்தவர்கள்தான் உப்பை நோக்கிப் போனார்கள். தள்ளினால் பின்னால் போனார்கள். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது ஆள் தள்ளினால் மூன்று பேரும் வரப்பைத் தாண்டிப் பக்கத்துப் பாத்திக்கு மேலே போய் நின்றார்கள். முதலாளிமார் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவரப் பேச்சு நடந்தது, கால் தரையில் படுகிற ஆள்.

முத்துக்கிளி வந்தாள். உப்பளத்துப் பொம்பிளைகளுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பவள். பின்னால் ஊரே நின்றது, சித்திரைவேலும் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசி வரியச் சொல்லுங்க."

"காதைப் பொத்துனியளே."

"பொத்துனோம். இப்ப எடுத்திட்டோம்." காலை நீட்டிக் காட்டினாள். வெடிப்பு ஒன்றுகூட இல்லாத பாதம். "இதை விட்டுக்குடுக்க எனக்கு மட்டும் ஆசையா? என்னத்தைச் செய்ய. காலு நல்லாத்தான் இருக்கு, வயிறு கேக்க மாட்டேங்குது."

"ஒனக்குத்தான் தெரியுமேலே, நீ சொல்ல வேண்டியதுதான," என்றார் சித்திரைவேலைப் பார்த்து.

"நான் சொன்னா நாளைக்கு என்னைத்தான் அடிப்பாவ. எழுதினவரு சொல்லட்டும். ஒண்ணு செய்யுதேன் அண்ணாச்சி, புது ஃப்ளெக்ஸ் அடிக்கேன். நாலு வரியும். ஆள் உயர எழுத்து. மூஞ்சி ஒண்ணுகூடக் கிடையாது. பஸ் ஸ்டாண்டுல, கோயில்ல, ஆஸ்பத்திரி வாசல்ல."

அவர் கேட்டதும் அதுதான், எத்தனையோ நாளாக உள்ளுக்குள் கேட்டுக் கேட்டு எரிந்ததும் அதுதான். முகம் இல்லாத பேனர், முழுக் கவிதை. தங்கப்பழம் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். அன்னபுஷ்பம் உள்ளே கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். எட்ட வேண்டியதில்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள். புண்ணில் இன்னும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு மூட வேண்டியிருந்தது. மூடினாலும் என்ன, ஊன்றினால் மறுபடி பிய்யும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"பேனரு கிடையாது," என்றார் குரலை இறக்கி. "பழைய பேனரையும் கழட்டு. எல்லாரும் அளத்துக்கு நடங்க, கடைசிப் பாத்திக்கு. அங்ஙன வச்சு ஒரு தடவை சொல்லுவேன். கேட்டவன் எவனும் ஊருக்குள்ள அதை வாயில எடுக்கக் கூடாது. எடுத்தான்னு தெரிஞ்சா அன்னைக்கு இருக்கு."

முத்துக்கிளி அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். புரிந்துகொண்டாள். "மதினிக்குக் கேக்காது அண்ணாச்சி," என்றாள். "என் பிள்ளை மேல சத்தியம்."

போனார்கள். வரப்பு வரப்பாக, ஒரு சாண் உயரத்தில், பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கிழவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கடலைப் பார்த்துப் போனது. அவர்களுக்கு நடுவில் தங்கப்பழம் தரையில் நடந்ததால் அவர் தலை மட்டும் தாழத் தெரிந்தது. கடைசிப் பாத்திக்கு அப்பால் கடல்தான். காற்று ஊர்ப் பக்கம் வீசுகிறதா என்று பார்த்தார், இல்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமினார்.

நாலு வரியும் சொன்னார். ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை, லாரி எடை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் உப்பில் விழுந்த சத்தம் கேட்டது. நறுக்கென்று. பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. புதுத்தோலில் உப்புக் கல் குத்தியதும் பொம்பிளைகள் "ஆத்தே" என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி?" என்றாள் முத்துக்கிளி.

"இம்புட்டுத்தான்."

கவிதை நன்றாக இருந்ததென்று ஒருவரும் சொல்லவில்லை. பலகையை எடுத்தார்கள். ஊன்றி இழுத்தார்கள். உப்பு நகர்ந்தது.

மழைக்கு முன்னால் வாரி முடித்தார்கள். கால்கள் பழையபடி வெடித்தன. வெளியூர் ஆட்கள் வரவில்லை. ஏற்றி வைத்த நிலைகளை யாரும் இறக்கவில்லை, அது ஒரு செலவு. அதனால் இன்றைக்கும் உவர்க்குளத்து வாசல்கள் ஆளை விட உயரமாக இருக்கும். ஊரில் மிதந்துகொண்டிருந்தது அன்னபுஷ்பம் ஒருத்திதான். அவள் கடைக்கு வந்தால் பேச்சு மாறும். கபடிப் பையன்கள் பழைய ஞாபகத்தில் "கடலைக் கையால் இறைத்துப் போடுவேன்" என்று ஆரம்பித்தால் அவளைக் கண்டதும் மூன்றாவது வரியோடு கப்பென்று வாயை மூடிக்கொள்வார்கள். மூடத் தெரியாத சின்னதுகளின் வாயில் பக்கத்தில் நிற்பவர்கள் கையை வைப்பார்கள். சித்திரைவேல்கூடச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர், "மதினி, நீங்க மேலயே நில்லுங்க, கீழ கூட்டம்" என்பான்.

கடைசி வரி எங்கே என்று ஒரு கடையை ரெண்டாக்கிய மனிதர், பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அந்த வரியை விழுங்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு கவிதைதான் பலித்தது, அதைச் சொந்த வீட்டில் முணுமுணுக்கக்கூட வழியில்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் சாயங்காலம் அன்னபுஷ்பம் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் காலை நீட்டினாள். கட்டு இனி வேண்டாம் என்று ஆகியிருந்தது. புண் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம்.

"ஊரே இறங்கிட்டு. நான் மட்டும் இப்படி நிக்கேன்," என்றாள். "அந்தக் கடைசி வரியைக் கேட்டாத்தான் இறங்குமாமே. முத்துக்கிளிகிட்டக் கேட்டேன், தலைவலிக்குன்னு ஓடுதா. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் செவிடு மாதிரி நிக்கான். நீங்களாவது சொல்லுங்க, அப்படி என்னதான் எழுதினிய?"

தங்கப்பழம் அவிழ்த்த துணியை உதறி அவள் மடியில் போட்டார்.

"என்னைப் பத்தித்தான?"

"மறந்துபோச்சு."

"எழுதினவருக்கேவா?"

"வயசாகுதுல்லா. மறந்துபோச்சுட்டி."

அவள் அவரையே பார்த்தாள். நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை. கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஒருவேளை, இப்போதாவது, என்று தங்கப்பழத்துக்கு ஒரு நினைப்பு ஓடியது. மனசுக்குள் மூன்று வரியைச் சொன்னார். நிறுத்தினார். குனிந்து தன் காலைப் பார்த்தார். தரையில்தான் இருந்தது, குதிகால், விரல் எல்லாம், ஒட்டி வைத்த மாதிரி.

சீ என்று விட்டுவிட்டு, தினமும் செய்கிறபடி மண்டியிட்டு, கையை விரித்து, கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவிரலை அவள் உள்ளங்காலுக்குக் கீழே நிறுத்தி அளந்தார். விரல் அந்த வெளிறிய வட்டத்தில் போய்ப் பட்டது. அவளுக்குக் கூசியிருக்க வேண்டும், காலை இழுத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கு," என்றார். "சோத்தைப் போடு."